கணக்குப் பேப்பர் முடிந்த பின்னேரம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஏதாவதொரு பரீட்சை நிலையத்தின் கேற்றடியில் அரைமணி நேரம் நின்றால் போதும். அன்று எந்தப் பாடம் நடந்தது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இணைந்த கணிதம் என்றால் வெளியே வரும் பிள்ளைகள் வீதியைப் பார்க்க மாட்டார்கள், வாகனத்தையும் பார்க்க மாட்டார்கள். நடந்தபடியே கதைப்பார்கள்.

"மூன்றாவதுக்கு உனக்கு என்ன வந்த?"

"மைனஸ் ரெண்டு."

"எனக்கு ரெண்டு."

அத்தோடு இருவரின் முகமும் கறுத்துவிடும். மூன்றாவது பிள்ளை வந்து "எனக்கு ரெண்டும் வந்த" என்றால் பிறகு சொல்லவே வேண்டாம்.

இந்தச் சண்டை பெரும்பாலும் முதற் பகுதியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. இணைந்த கணித வினாத்தாளில் ஏ பகுதி, பி பகுதி என்று இரண்டு பகுதிகள். ஏ பகுதியின் விடைகளை வினாத்தாளிலேயே எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். பி பகுதியின் வினாக்களை மாத்திரமே வெளியே கொண்டுவரலாம். ஆகவே ஏ பகுதியைப் பற்றிப் பிள்ளைகள் கதைப்பது முழுவதும் ஞாபகத்திலிருந்துதான். கேள்வியில் இருந்தது மூன்றா ஐந்தா என்றே ஒருவருக்கும் நிச்சயமில்லை. அப்படியிருக்க விடை சரியா பிழையா என்று அழுகிறார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் தாய்மாரைப் பற்றியே இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது. கணிதம் விளங்காத தாய்க்கு அந்தப் பின்னேரம் என்ன வேலை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. அதுவும் இலேசான வேலையல்ல.

கொழும்பு 10இல் உள்ள மாளிகாவத்தையை வெளியில் உள்ளவர்கள் இரண்டு விடயத்தால் அறிவார்கள். ஒன்று தொடர்மாடிகள். மற்றது கெத்தாராமையில் 1986இல் திறக்கப்பட்ட பிரேமதாச விளையாட்டரங்கு. இரவு மட்ச் நடக்கும் நாட்களில் விளக்குக் கம்பங்களின் வெளிச்சம் சுற்றுவட்டாரத்து ஜன்னல்களில் அடிக்கும். சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். அதற்குள்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும். இங்குள்ள ஏழ்மையைச் சொல்ல அதிகம் தேவையில்லை. 2020 மே 21ஆம் திகதி, பெருநாளுக்கு முன்னர் பணம் பகிர்ந்தளிக்கப்பட்ட இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்தது இதே மாளிகாவத்தையில்தான். அவ்வாறான ஓரிடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கணிதப் பிரிவைத் தெரிவு செய்து, தமிழ்மொழி டியூசன் வகுப்புக்காக வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பஸ் ஏறித் திரிந்து, இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பது சிறிய விடயமா?

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி அங்கே மாடிவீடொன்றில் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அப்போது அவருக்குப் பதினான்கு வயது. புத்தகப் பையை எடுத்து வரக்கூட முடியவில்லை என்றார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த நாட்களில் படிப்பு அறுந்துபோனது. பிறகு திருமணம், கொழும்பு. கணவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. அபாயாவும் பிளவுஸும் தைத்துக் கொடுத்து மகளை உயர்தரம் வரை கொண்டுவந்தவர்.

முதலாம் வினாத்தாள் எழுதிவிட்டு வந்த மகள் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மேல்மாடிச் சிநேகிதி கைத்தொலைபேசியோடு வந்து, எங்கோ ஒரு வகுப்பு சேர் போட்ட விடைகள் வட்ஸ்அப்பில் வந்திருப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறாள். நான்காவது விடையோடு மகள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள்:

"உம்மா, எனக்கு ஏலா. ரெண்டாம் பேப்பருக்கு நான் போறல்ல. அடுத்த வருஷம் எழுதுறன்."

சகோதரிகளே, இந்த வசனத்தை உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? "சரி மகள், மனசை வருத்தாதே" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. "உனக்காக நான் பட்ட பாடு என்ன" என்று தொடங்குபவர்களும் உண்டு. இரண்டுமே அந்த நேரத்துக்கு உதவாது. ஒரு வினாத்தாளுக்குத் தோற்றாவிட்டால் அந்தப் பாடத்துக்குப் பெறுபேறே இல்லாமல் போகும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும் என்பதையும் மறக்கக்கூடாது.

அந்தத் தாய் செய்தது வேறு. தையல் சோக்கை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒங்கட கணக்கு விளங்காது மகள். எண்ணிக்கை விளங்கும். எத்தனை கேள்வி செய்தீங்க என்று மட்டும் சொல்லுங்க."

ஏ பகுதியில் 10 கேள்விகள், எல்லாம் கட்டாயம், ஒன்றுக்கு 25 புள்ளி. மகள் எட்டுக்குக் கை வைத்திருந்தாள். பி பகுதியில் 7 கேள்விகளில் 5 செய்ய வேண்டும், ஒன்றுக்கு 150 புள்ளி. அதில் மூன்றை முழுதாகவும் ஒன்றைப் பாதியும் செய்திருந்தாள். மொத்தம் 1000 புள்ளி. தாய் நிலத்தில் எழுதினார். எட்டு இருபத்தைந்து 200. மூன்று நூற்றைம்பது 450. பாதிக் கேள்விக்கு 75. ஆக 725.

"இதில பாதி பிழை என்று வைப்போம்" என்றார் தாய்.

பாதி என்றால் 362. நூற்றுக்கு 36 ஆகிறது. மகள் சைபர் என்று சொல்லி அழுத வினாத்தாள் அது.

இணைந்த கணிதத்தின் இறுதிப் புள்ளி இரண்டு வினாத்தாள்களினதும் சராசரி. முதலாவதில் 36 என்றால், இரண்டாவதில் 34 எடுத்தாலே 35 வந்து சித்தியாகிறது, அதாவது எஸ். இரண்டாவதில் 74 எடுத்தால் 55, அது சி. பி வேண்டுமென்றால் 94 எடுக்க வேண்டும், அது கஷ்டம்தான். எப்படியானாலும் முதல் நாள் ஒரு கதவும் முழுதாக மூடப்படவில்லை. அன்றிரவு மகள் சோறு சாப்பிட்டுவிட்டு நிலையியல் கொப்பியைத் திறந்திருக்கிறாள். பெறுபேறு என்ன வந்தது என்று நாம் இங்கே எழுதவில்லை. அது அந்தப் பிள்ளையின் சொந்த விடயம்.

பிழை விட்டால் புள்ளி போய்விடுமா?

முழுவதும் போகாது. இதைப் பல பிள்ளைகளே சரியாக அறிந்து வைத்திருப்பதில்லை. இணைந்த கணிதத்தில் கடைசி விடைக்கு மட்டும் புள்ளி கொடுப்பதில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் ஐந்து ஐந்து புள்ளிகளாகப் பிரித்திருப்பார்கள். அந்தத் திட்டத்தைத் திணைக்களமே பின்னர் அச்சிட்டு வெளியிடுகிறது. பழைய வருடத் திட்டமொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு தாய்க்கே இது விளங்கும்.

உதாரணத்துக்கு, கணிதத் தொகுத்தறிவு என்றொரு பகுதி. 1, 3, 5 என்று ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டு போனால் கூட்டுத்தொகை எப்போதும் ஒரு வர்க்க எண்ணாக வரும் என்று காட்டச் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் மூன்றும் நான்கு. அதோடு ஐந்தைக் கூட்டினால் ஒன்பது. முதலில் ஓர் எண்ணுக்கு இது சரியென்று காட்ட வேண்டும். பிறகு ஏதோ ஓர் எண் வரைக்கும் சரியென்று எடுத்துக்கொண்டு, அதற்கு அடுத்த எண்ணுக்கும் சரியென்று நிறுவ வேண்டும். கடைசியாக முடிவை வசனமாக எழுத வேண்டும். நடுவில் சுருக்கும் இடத்தில் பிள்ளை இடறி விழுந்தாலும் முதற்படிக்குரிய புள்ளி அவளுடையதுதான். வெளியே வந்து "முதலாவது எனக்கு வரவே இல்ல" என்று அழுபவளுக்கும் அந்தக் கேள்வியில் ஐந்தோ பத்தோ கிடைத்திருக்கும்.

பிள்ளைகள் புள்ளியை இழக்கும் பெரிய இடம் நேரம். வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம், அதாவது 180 நிமிடம். 1000 புள்ளிக்கு 180 நிமிடம் என்றால் 25 புள்ளிக் கேள்விக்கு நாலரை நிமிடம், 150 புள்ளிக் கேள்விக்கு 27 நிமிடம். மாளிகாவத்தைப் பிள்ளை ஏ பகுதியின் ஒரேயொரு கேள்வியோடு 25 நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள். 25 புள்ளிக்காக ஒரு 150 புள்ளிக் கேள்வியின் நேரத்தைக் கொடுத்துவிட்டாள். தாய் இதைக் கேட்டு, "ஒரு பிளவுஸின் கை சரிவரல்ல என்றால் அதை மடிச்சு வச்சுட்டு மத்தத தைக்கிறதுதானே, பெருநாளைக்குள்ள பத்தும் குடுக்கணும்" என்றாராம். டியூசன் வகுப்பில் காசு கொடுத்துக் கேட்டாலும் இதைவிட நல்ல புத்திமதி கிடைக்காது.

இரண்டாம் வினாத்தாள் முதலாவதின் தொடர்ச்சியல்ல என்பதையும் பிள்ளைக்கு ஞாபகமூட்டலாம். முதலாவது தூய கணிதம். வகையீடு, தொகையீடு, திரிகோணகணிதம், சிக்கலெண் என்பன அதில் வரும். இரண்டாவதில் எறியம், சார்பு வேகம், உராய்வு, காவிகள், நிகழ்தகவு என்று வேறு உலகம். முதலாவதில் தொகையீட்டில் தடுக்கி விழுந்தவள் இரண்டாவதில் நிகழ்தகவில் எழுந்து நிற்கலாம்.

அப்படியென்றால் பரீட்சை முடிந்து பிள்ளைகள் கதைப்பதைத் தடுக்க வேண்டுமா? தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது என்பதே எமது எண்ணம். மூன்று மணித்தியாலம் தனியே இருந்து போராடிவிட்டு வரும் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையோடு கதைக்க வேண்டும்போல் இருப்பது இயல்பு. எல்லோருக்கும் அந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது என்று அறிவதே பெரிய ஆறுதல். ஆனால் பஸ் வரும் வரைக்கும் கதைத்தது போதும். அன்றிரவு வட்ஸ்அப்பில் வரும் விடைகளை அடுத்த வினாத்தாள் முடியும் வரை திறக்க வேண்டியதில்லை. ஒரு சேரின் விடையும் இன்னொரு சேரின் விடையும் ஒத்துப்போகாத சந்தர்ப்பங்களும் உண்டு. அவை எதுவும் திணைக்களத்தின் விடையல்ல.

கஷ்டமான வினாத்தாளும் இசட் புள்ளியும்

கஷ்டமான பேப்பர் வந்தால் எங்கள் பிள்ளை மட்டும் பின்னுக்குப் போகாது. பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது 2001 முதல் இசட் புள்ளியை வைத்து. அது பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதை அப்படியே பார்ப்பதில்லை. அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் அவள் எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்று பார்க்கிறது. ஒரு வருடம் வினாத்தாள் இலகு, சராசரி 60 என்று எடுப்போம். 75 எடுத்த பிள்ளை சராசரிக்கு 15 மேலே. இன்னொரு வருடம் வினாத்தாள் கஷ்டம், சராசரி 40 ஆகிவிட்டது. அப்போது 55 எடுத்த பிள்ளையும் 15 மேலே. புள்ளிகள் பரந்திருக்கும் அளவு இரண்டு வருடமும் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் ஒரே இசட் புள்ளிதான். முதற் பிள்ளைக்கு ஏ, இரண்டாவது பிள்ளைக்கு சி என்று சான்றிதழில் வரும். அனுமதிக் கணக்கில் இருவரும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 35 என்ற சித்தி எல்லை வினாத்தாள் கஷ்டம் என்பதற்காக இறங்கி வருவதில்லை. மூன்று பாடத்திலும் சித்தி இல்லாமல் பல்கலைக்கழக விண்ணப்பமும் இல்லை. ஆகவே எஸ் எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு ஐந்து புள்ளியும் பெறுமதியானது.

பிறகு மாவட்டக் கணக்கு வருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம் என்பன பின்தங்கியவை என்ற பட்டியலில் உள்ளன. இங்கே பார்க்கப்படுவது பிள்ளை படித்த மாவட்டம். தாய் பிறந்த மண் எதுவென்று யாரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டவரின் மகள் கொழும்பில் படித்தால் கொழும்பின் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடுதான் மோத வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஓர் அநியாயமாகவே எமக்குப் படுகிறது.

இந்தக் கணக்குப் பிழைத்த கதையும் உண்டு. 2011 ஓகஸ்ட் உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியவர்களும் ஒரே வருடத்தில் எழுதினார்கள். இரு தரப்புக்கும் வினாத்தாள்கள் வேறு. அப்படியிருந்தும் இசட் புள்ளியைக் கணிக்கும்போது இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். டிசெம்பரில் பெறுபேறு வந்தபோது நிரலில் குழப்பங்கள் இருந்தன. மாணவர்கள் தமக்குள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "எனக்கு இந்தப் புள்ளி, உனக்கு இது, அப்படியென்றால் இது எப்படி?" என்ற கேள்வி வளர்ந்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்காகப் போய் நின்றது. 2012 யூனில் நீதிமன்றம் அந்த இசட் புள்ளிகளை இரத்துச் செய்து, இரு பாடத்திட்டத்தாரையும் இரு வேறு தொகுதிகளாகக் கொண்டு திரும்பக் கணிக்கச் சொன்னது. கேற்றடிப் பேச்சு எப்போதும் வீண்பேச்சல்ல. நியாயமான கேள்வி என்றால் அதைப் பாடசாலையிடமும் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்கலாம்.

வேறு நாடுகளிலும் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. 2016 மார்ச்சில் இந்தியாவின் சி.பி.எஸ்.ஈ. பன்னிரண்டாம் வகுப்புக் கணித வினாத்தாள் மிகவும் கடினம் என்று எழுந்த முறைப்பாடு நாடாளுமன்றம் வரை போனது. 2015 யூனில் இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் பரீட்சையில் ஓர் இனிப்புக் கணக்கு வந்தது. பையிலே சில இனிப்புகள், அதில் ஆறு செம்மஞ்சள் நிறம். ஹன்னா என்ற பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எடுத்துச் சாப்பிடுகிறாள். இரண்டும் செம்மஞ்சளாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதிலிருந்து ஒரு சமன்பாட்டை நிறுவச் சொன்னார்கள். நாடெங்கும் அழுகையும் பகிடியுமாகிவிட்டது. பையில் இருந்தது 10 இனிப்புத்தான். முதல் இனிப்புக்குப் பத்தில் ஆறு, அடுத்ததற்கு ஒன்பதில் ஐந்து, பெருக்கினால் தொண்ணூறில் முப்பது. வீட்டில் டொபி வைத்துச் செய்து பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

எங்கள் பிள்ளைகள் இதைவிட மோசமான நிலைமைகளிலும் எழுதியிருக்கிறார்கள். 2009 ஓகஸ்டில், யுத்தம் முடிந்து மூன்று மாதங்களில், வவுனியா மெனிக் பாம் முகாம்களுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தது. குடும்பத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாமல் பிள்ளைகள் வினாத்தாளைத் திறந்தார்கள். இதைச் சொல்லி இன்றைய பிள்ளையின் அழுகையைச் சிறிதாக்க வேண்டாம். "நாங்கள் பங்கருக்குள் இருந்து படித்தோம்" என்று தொடங்கும் பேச்சு அந்தப் பின்னேரத்தில் யாருக்கும் உதவியதாக நாம் அறியவில்லை.

இரண்டாம் வினாத்தாளுக்கு முதல் நாள் இரவு தாய் பார்க்க வேண்டியவை சில உண்டு. பரீட்சை அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனை, கணிதக் கருவிகள் எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும். பர்தா அணியும் பிள்ளைகள் காது தெரிய வேண்டும் என்ற விதிபற்றி முதல் நாளே மேற்பார்வையாளரிடம் தெளிவாகக் கேட்டுவிடுவது நல்லது. 2024இல் திருகோணமலை ஸாஹிராக் கல்லூரி மாணவியர் 70 பேரின் பெறுபேறுகள், காதை மறைத்து எழுதினார்கள் என்று நிறுத்தி வைக்கப்பட்டு, எதிர்ப்புகளின் பின்னரே வெளியாகின.

பரீட்சை தொடர்பான சந்தேகங்களுக்குத் திணைக்களத்தின் 1911 இலக்கம் இருக்கிறது. பெறுபேறு வந்து திருப்தியில்லை என்றால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். கடைசித் திகதியைத் திணைக்களம் அறிவிக்கும். பிள்ளை சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டு, "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிக் கதைக்கத் தொடங்கினால் அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். தனியே விடாமல் கூடவே இருங்கள். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளை கதைக்க மறுத்தால் தாயே எடுத்துக் கதைக்கலாம்.